டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி: என்100 மினி பிசியோடு ஏழு மாதம்

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று நான் வைத்திருந்தது ஒரு பழைய டவர் கணினி. இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ5 சிப். டிவி மேசையை ஒட்டி நிற்கும். திரையில் யாராவது மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தால், அதன் ஃபேனும் கூடவே பேச ஆரம்பித்துவிடும். மனைவி இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் இரண்டே நிபந்தனை வைத்தாள். "எதை வேணும்னாலும் வாங்குங்க. சத்தம் வரக் கூடாது. ரிமோட் ஒண்ணுதான் இருக்கணும்." முதலாவதை நிறைவேற்றிவிட்டேன். இரண்டாவது என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது நிபந்தனை என்னுடையது: கரண்ட். பிளக்கில் செருகினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. டவரை அதில் மாட்டினால், எந்த வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே 58 வாட். படம் ஓடினால் 80ஐத் தாண்டும். அம்மா பகலில் அதில்தான் பாட்டுக் கேட்பார்கள் என்பதால் அதை அணைப்பதே இல்லை. 58 வாட் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.4 யூனிட், வருடத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு சாப்பாடு!

இதையெல்லாம் மீறி, அந்த டவரால் 4கே படம் ஓட்ட முடியவில்லை என்பதுதான் கடைசி அடி. 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் ஹெச்இவிசி என்ற முறையில், 10 பிட் நிறத்தோடு இருந்த கோப்பு ஒன்றைப் போட்டேன். நான்கு கோரும் நூறு சதவீதம் போய், படம் தவணை முறையில் வந்தது. இப்போது அதே கோப்பை, இன்டெல்லின் என்100 சிப் போட்ட உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று ஓட்டுகிறது. ஓட்டும்போது சிபியு பத்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மீட்டரில் 12 வாட்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளாமல் யாரும் இந்தச் சந்தைக்குள் காலை வைக்க வேண்டாம். படம் பார்க்கும் கணினிக்கு சிபியுவின் வேகம் முக்கியமே இல்லை. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கும். அதுதான் டிகோடர். நீங்கள் போடும் கோப்பின் வகை அந்த டிகோடருக்குத் தெரிந்திருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும், சிபியு தூங்கலாம். தெரியாவிட்டால் சிபியு முழுவதையும் தன் கையால் செய்ய வேண்டும். தையல் மெஷின் இல்லாத கடையில் பத்து ஆளை உட்கார வைத்து ஊசியால் தைக்க விடுவது மாதிரி. ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் மெஷினுக்கு ஈடாகாது, கூலியும் அதிகம்.

எனக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். 2009 வாக்கில் நண்பன் ஒருவன் இன்டெல் ஆட்டம் 330 சிப்பும் என்விடியாவின் அயான் சிப்செட்டும் சேர்ந்த ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தான். ஆட்டம் ஒரு நோஞ்சான். 1080பி படத்தைத் தனியாக ஓட்டச் சொன்னால் திணறும். ஆனால் அயானில் ஹெச்.264 என்ற வீடியோ வகைக்கான டிகோடர் இருந்ததால் அந்தப் பெட்டி வெண்ணெய் மாதிரி ஓட்டியது. அன்று அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நான் பெரிய டவர் வாங்கினேன்.

ஆகவே இந்த முறை சிப்பின் வேகத்தைப் பார்க்கவில்லை, அதன் டிகோடருக்கு என்னென்ன தெரியும் என்பதை மட்டும் பார்த்தேன். இன்டெல்லில் கணக்கு இப்படிப் போகிறது: ஆறாம் தலைமுறைக்கு 8 பிட் ஹெச்இவிசி மட்டும் முழுதாகத் தெரியும். வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் 4கே எச்டிஆர் படங்கள் எல்லாம் 10 பிட், அதற்கு ஏழாம் தலைமுறையாவது வேண்டும். யூடியூப் 4கேவுக்குப் பயன்படுத்தும் விபி9 வகையும் ஏழில் ஒழுங்காக வந்துவிடுகிறது. அடுத்து ஏவி1. 2018இல் வெளியான வகை, ராயல்டி கிடையாது, யூடியூபில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. அது பதினோராம் தலைமுறையில்தான் வந்தது. குறைந்த வாட் சிப்களில் ஜே4125க்கும் என்5105க்கும் ஹெச்இவிசி, விபி9 இரண்டும் தெரியும், ஏவி1 தெரியாது. 2023இல் வந்த என்100க்கு எல்லாமே தெரியும்.

வாங்குவதற்கு முன்னால் மூன்று வேட்பாளர்களைப் பார்த்தேன்.

முதலில் ராஸ்பெரி பை, ஒரே பலகையில் அடங்கிய சின்னக் கணினி. எனக்கு அந்தப் பலகை மேல் ஒரு பாசம் உண்டு. டிவி ரிமோட்டிலேயே அதை இயக்கலாம் என்பது பெரிய வசதி, ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியிடமிருந்து கட்டளை வந்துவிடும். இதற்கு சிஇசி என்று பெயர். ஆனால் பை 5இன் டிகோடர் விசித்திரமானது. அதற்கு 4கே ஹெச்இவிசி தெரியும். பை 4இல் இருந்த ஹெச்.264 டிகோடரை எடுத்துவிட்டார்கள், சிபியுவே அதைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இப்போது வேகம் இருக்கிறது என்பது வாதம். 1080பிக்கு அந்த வாதம் சரிதான். விபி9, ஏவி1 இரண்டுக்கும் வன்பொருள் டிகோடர் கிடையாது. அப்புறம் விலை. பலகையின் விலையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. அதற்கு ஒரு கேஸ், 5 ஆம்பியர் அடாப்டர், கூலர், மெமரி கார்டு, மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கூட்டினால், டிஸ்க்கும் ரேமும் உள்ளேயே வரும் மினி பிசியின் பக்கத்தில் போய் நிற்கிறது. உங்கள் படங்கள் எல்லாம் ஹெச்இவிசியும் பழைய ஹெச்.264உம்தான் என்றால் பை 4 ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் போதும், இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மினி கணினிகள். லெனோவோவின் டைனி, டெல்லின் மைக்ரோ, எச்பியின் மினி. கெட்டியான உடம்பு, நல்ல கூலிங், உள்ளே கழற்றி மாற்ற வசதி. சும்மா இருக்கும்போது இவையும் 10 வாட் பக்கம்தான் இழுக்கும். 35 வாட் சிப் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முழுச் சுமையில்தான் அது. உண்மையில் காசுக்கு மதிப்பு என்றால் இவைதான் என்று இன்னும் நினைக்கிறேன். எனக்குத் தடையாக இருந்தது படம் வெளியே போகும் வழி. பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கும், டிவியில் அது கிடையாது. 4கேவை நொடிக்கு 60 முறை அனுப்ப, இதற்கென்றே உள்ள ஆக்டிவ் அடாப்டர் ஒன்று வேண்டும். அது எச்டிஆரை ஒழுங்காகக் கடத்துமா என்பது அடாப்டருக்கு அடாப்டர் மாறும். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆறாம் தலைமுறை என்பது இன்னொரு பொறி. விற்பவர்கள் "ஐ5" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஐ5க்குப் பின்னால் வரும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. 6 என்று தொடங்கினால் தள்ளிப் போய்விடுங்கள்.

மூன்றாவது, மலிவு ஆண்ட்ராய்டு பெட்டி. ஒரு வாரம் கடன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது என்100 போட்ட மினி பிசி. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பெயர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரே பெட்டியை ஐந்தாறு பெயர் ஒட்டி விற்கிறார்கள், மேல்மூடியில் உள்ள எழுத்து மட்டும் மாறும். கூடவே வந்த இரும்புத் தகட்டை டிவியின் முதுகில் திருகி, அதில் பெட்டியை மாட்டிவிட்டேன். முன்பக்கம் நின்று பார்த்தால் கணினி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

என்100 பற்றி இரண்டு வார்த்தை. நான்கு கோர், நான்குமே சிக்கன வகை, உச்சவேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ரேம் ஒற்றைச் சேனல், அதனால் இரண்டு ரேம் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பல பெட்டிகளில் ஒரே இடம்தான் இருக்கும். படம் பார்க்க 8 ஜிபி தாராளம். இதோடு என்95, என்150 என்று தம்பிகளும் உண்டு. மூன்றிலும் டிகோடருக்குத் தெரிந்த வகைகள் ஒன்றுதான், எது மலிவோ அதை எடுக்கலாம்.

பெட்டியில் "6 வாட்" என்று பெருமையாக எழுதியிருந்தது. அது சிப்புக்கான வெப்பக் கணக்கு, உங்கள் பிளக் பார்க்கும் கணக்கு அல்ல. என் மீட்டரில் வந்தவை இவை: சும்மா இருக்கும்போது 7, 4கே படத்துக்கு 11 முதல் 13, தூங்கும்போது ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். முழுச் சுமையில் ஒரு முறை 24 வரை போனது. ஏனென்றால் சிப்பின் மின் வரம்பை 15 வாட் என்று உயர்த்தி வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். வேகப் போட்டியில் நல்ல எண் வர வேண்டுமே! அந்த ஆசைக்கு விலை கொடுப்பது ஃபேன்தான். முதல் வாரம் மெனுவில் போஸ்டர்களைத் தள்ளிக்கொண்டே போனால் போதும், ஃபேன் ஒரு கொசு மாதிரி ரீங்கரித்தது. டவரின் சத்தம் கனமானது, கேட்டுப் பழகிவிடும். இந்தச் சின்ன ஃபேனின் சத்தம் காதில் ஊசி போடும். "இதுக்கு அதுவே தேவலை" என்றாள் மனைவி.

கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அந்த வரம்பை 15லிருந்து 8க்கு இறக்கினேன். ஃபேன் வேகம் கூட ஆரம்பிக்கும் வெப்பநிலையையும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். படம் ஓடும் விதத்தில் எள்ளளவும் மாற்றம் இல்லை, டிகோடர் வேலை செய்வதற்கு அவ்வளவு மின்சாரம் வேண்டியதே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் ஓர் அடி தூரத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். வாங்கிய கையோடு செய்ய வேண்டிய முதல் வேலை இது. இந்த வரம்பை மாற்ற விடாமல் பயாஸைப் பூட்டி அனுப்பும் பெட்டிகளும் உண்டு, வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். சத்தமே கூடாது என்றால் ஃபேன் இல்லாமல் உடம்பு முழுவதும் அலுமினியத் தகடுகளாக வரும் வகை இருக்கிறது, அதை டிவிக்குப் பின்னால் காற்றில்லாத இடுக்கில் மட்டும் மாட்டாதீர்கள்.

மென்பொருளுக்கு, கூட வந்த விண்டோஸை ஒரே நாளில் விட்டுவிட்டு லிப்ரிஎலெக் போட்டேன். கோடி என்ற மீடியா பிளேயரை ஓட்டுவதற்கென்றே செய்த மிகச் சின்ன லினக்ஸ் அது. பெயரில்தான் கோடி, காசு கேட்காது, இலவசம். ஆதியில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது, 2014இல்தான் இந்தப் பெயர் வந்தது. லிப்ரிஎலெக்கை ஒரு பென் டிரைவில் எழுதி, உள்ளே இருப்பதைத் தொடாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். நான் ஒரு ஞாயிறு முழுக்க அப்படி ஓட்டிவிட்டுத்தான் விண்டோஸை அழித்தேன். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

கோடியில் மாற்றியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. படத்தின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப டிவியின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் வசதி. வந்த கையோடு அது அணைந்துதான் இருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், இன்னும் துல்லியமாகச் சொன்னால் பெரும்பாலானவை 23.976. டிவி 60 முறை புதுப்பிக்கிறது. 24ஐ 60க்குள் சமமாகப் பங்கு போட முடியாது. அதனால் ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சியில் படம் நொண்டுவது இதனால்தான். இந்த நொண்டலை நான் பத்து வருடம் பார்த்திருக்கிறேன், சினிமா என்றாலே இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு! வசதியைப் போட்ட அன்று பழைய படம் ஒன்றில் ரயில் போகும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். "இன்னும் எத்தனை தடவைடா அந்த ரயில் போகும்?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து போனார்கள். ஒரு சங்கதி: சரியாக 24க்கும் 23.976க்கும் உள்ள அந்தத் துளி வித்தியாசத்தையும் விடாதீர்கள். டிவி 24இல் நின்றுவிட்டால் சுமார் 42 வினாடிக்கு ஒரு முறை படம் ஒரு சின்ன விக்கல் எடுக்கும். என்100 இரண்டையும் தனித்தனியாகவே தருகிறது.

எச்டிஆர் வேலை செய்கிறது, டிவியின் மூலையில் அந்தச் சின்ன முத்திரை வந்து போகும். முதல் சில நாள் படத்தின் நடுவே திரை இருண்டு இருண்டு வந்தது. பெட்டியைச் சந்தேகித்து, சிப்பைச் சந்தேகித்து, கடைசியில் பார்த்தால் குற்றவாளி இழுப்பறையில் கிடந்த பழைய ஹெச்டிஎம்ஐ கேபிள். 4கே 60க்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும், 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்ற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். மாற்றியதும் சரியாகிவிட்டது. டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதிலும் குறை இல்லை.

குறை எதில் என்றால், எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷன். இந்த அமைப்பில் அது கிடையாது. டிஸ்க்கிலிருந்து வரும் கோப்புகள் சாதாரண எச்டிஆராக ஓடிவிடும், பாதகமில்லை. ஸ்ட்ரீமிங்குக்கென்று செய்யப்படும் புரொஃபைல் 5 வகையில் சாதாரண எச்டிஆராக ஓட உதவும் அடிப்படை அடுக்கு இல்லாததால், முகங்கள் பச்சையும் ஊதாவுமாக வரும். முதல் முறை பார்த்தபோது டிவி போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் கட்டணச் சேவைகள். லினக்ஸ் ஓடும் கணினியை நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான சேவைகள் நம்புவதில்லை, பாதுகாப்பின் கீழ்ப்படியில் வைத்துத் தெளிவு குறைந்த படத்தைத்தான் கொடுக்கும். அவற்றுக்கு டிவியில் உள்ள ஆப்பையே பயன்படுத்துகிறேன். நீங்கள் பார்ப்பது முழுக்க அந்த வகைதான் என்றால் இந்தப் பெட்டி வேண்டாம், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். சொந்தமாகக் கோப்புகள், டிஸ்க்கிலிருந்து எடுத்த படங்கள், வீட்டு வீடியோக்கள் என்று சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

அந்தக் கோப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சேமித்த வாட்டைத் திரும்பத் தொலைக்கிறார்கள். 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் சும்மா சுழலவே நான்கைந்து வாட் வேண்டும். இரண்டு மாட்டினால் பெட்டியை விட டிஸ்க் அதிகம் தின்னும். நான் 2.5 இன்ச் டிஸ்க் ஒன்றை யுஎஸ்பியில் மாட்டி, பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக எடுப்பதானால் கேபிள் போடுங்கள். 4கே ப்ளூ-ரேவின் உச்சம் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டிப் போகலாம். பல டிவிகளின் நெட்வொர்க் துளை 100க்கு மேல் தாங்காது, இந்தப் பெட்டியில் கிகாபிட் இருக்கிறது.

ஒரு கெட்ட அனுபவமும் உண்டு. கூட வந்த 12 வோல்ட் அடாப்டர் மூன்றாம் மாதம் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. விற்றவர் படம் கேட்டார், வீடியோ கேட்டார், பில் கேட்டார், மூன்று வாரம் கழித்து வேறொன்று அனுப்பினார். அதுவரை, அதே வோல்ட்டும் அதே முனையும் கொண்ட பழைய ரவுட்டரின் அடாப்டரால் சமாளித்தேன். யுஎஸ்பி-சியில் கரண்ட் எடுக்கும் பெட்டி கிடைத்தால் அதையே பாருங்கள், மாற்று தேடி அலைய வேண்டாம்.

சரி, ரிமோட். பெரும்பாலான மினி பிசிகளைப் போலவே இதிலும் சிஇசி இல்லை. டிவி ரிமோட்டின் சொல்லைப் பெட்டி கேட்காது. இதைச் சரிசெய்ய நடுவில் மாட்டும் அடாப்டர்கள் உண்டு, எனக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. ஃபிளிர்க் என்ற யுஎஸ்பி ரிசீவர் வாங்கினேன். எந்த ரிமோட்டின் பட்டனையும் கீபோர்டின் விசையாக அதற்குக் கற்றுத்தரலாம். செத்துப்போன டிவிடி பிளேயர் ஒன்றின் ரிமோட் இழுப்பறையில் கிடந்தது, அதற்குக் கற்றுக் கொடுத்தேன். பெட்டி தூங்கும்போது யுஎஸ்பிக்குக் கரண்ட் போனால்தான் ரிமோட்டால் எழுப்ப முடியும். அதற்குப் பயாஸில் இஆர்பி என்ற சிக்கன வசதியை அணைக்க வேண்டியிருந்தது. அருமையாக வேலை செய்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் ரிமோட் இரண்டு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டாள். படம் பார்க்க ஒரு பக்கம், டிவி சத்தத்துக்கு மறுபக்கம். அம்மாவுக்கு அது இரண்டாவது நாளே பழகிவிட்டது.

போன வாரம் தூசி தட்டலாம் என்று பெட்டியைக் கழற்றினேன். திருகுகள் நான்கும் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. ஃபேனில் ஏழு மாதத் தூசி மெல்லிய படலமாகத்தான் படிந்திருந்தது, ஒரு பிரஷ் போதுமானதாக இருந்தது. பிடுங்கிய ரப்பர் கால்களில் இரண்டு திரும்ப ஒட்ட மறுத்துவிட்டன. டிவியின் முதுகில் தொங்கும் பெட்டிக்குக் கால் எதற்கு என்று இழுப்பறையில், அந்தப் பழைய கேபிளின் பக்கத்தில், போட்டுவிட்டேன்.